ஒரே சில்லில் ஐந்து போல்ட்டுகள்

அத்தியாயம் 6

மிரோஜனுடைய ஓட்டோவை விட அவனுடைய வாய் வேகமாக ஓடும் என்று ஊர்காவற்றுறையில் எல்லோருக்கும் தெரியும். இதுவரை அந்த வாயால் யாருக்கும் காயம் வந்ததில்லை. போன புதன்கிழமைதான் அதற்கும் ஒரு தொடக்கம் வாய்த்தது.

அன்று தேத்தண்ணிக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுவிஸிலிருந்து வந்து நிற்கும் ஜெயரூபன் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையை மறித்து மதில் கட்டத் தொடங்கியிருந்தார். வள்ளக்காரர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். அதிலும் வள்ள இயந்திரங்கள் திருத்தும் லியோனுக்குப் பொறுக்கவே முடியவில்லை. லியோன் வேறு யாருமல்ல, மிரோஜனின் அக்கா அன்ரனிட்டாவின் கணவர்.

"பொறுங்கோ, அத்தான் ஒரு நாளைக்கு அவற்ற காரின்ர சில்லைக் கழட்டிக்கொண்டு வந்து எங்கட மீன்வாடியில தொங்கவிடுவார்," என்றான் மிரோஜன்.

கடை முழுவதும் சிரித்தது. சொன்னவனும் வயிறு நோகச் சிரித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அதே காரின் முன் இடது சில்லு, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதியில் கழன்று கடலுக்குள் ஓடியது. பின்னாலேயே காரும் கற்களில் உரசிக்கொண்டு இறங்கியது. ஜெயரூபனுக்கு நெற்றியில் ஒரு வெட்டு. பக்கத்தில் இருந்த மனைவி கோபிகாவுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இருவரும் நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். காரை இறங்குதுறையில் நிறுத்திவிட்டுப் படகில் போயிருந்தார்கள். அந்த நேரம் லியோன் அதே இறங்குதுறையில் ஒரு வள்ளத்தின் இயந்திரத்தோடு நின்றதைப் பலர் கண்டிருந்தார்கள். மிரோஜனின் பகிடியைக் கேட்டவர்களும் பலர். இரண்டையும் சேர்த்துக் கூட்டப் பொலிசுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. சனி பின்னேரமே லியோனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொலை முயற்சி என்று எழுதி, ஞாயிறு நாலு மணிக்கு நீதவான் முன் நிறுத்தப் போகிறார்களாம்.

இப்போது ஞாயிறு காலை ஒன்பதரை. மிரோஜனின் ஓட்டோ வேலணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பிரியவதனி இருந்தாள். வாகனக் காப்புறுதிக் கம்பனியில் பதினான்கு வருடம் விபத்துகளை விசாரித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். மிரோஜன் அவளுக்குச் சாரதி, உதவியாளன், வேண்டாத நேரத்தில் பகிடி சப்ளை செய்பவன். இன்றைக்கு மூன்றாவது வேலை மட்டும் நடக்கவில்லை.

"என்ன மிரோஜன், ஓட்டோவில சத்தமே இல்லை? சைலன்சர் மாத்தினீரோ?"

"அக்கா சாப்பாட்டுப் பார்சல் தந்துவிட்டவ, அத்தானுக்குக் குடுக்கச் சொல்லி. என்ர முகத்தைப் பாக்கேல்லை. பார்சலைப் படியில வைச்சிட்டு உள்ளுக்குப் போயிட்டா."

பிரியவதனி அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. பொய்யான ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. மிரோஜனுக்கு அதுவும் குத்தியது. அத்தானின் முகமும், முறிந்த காலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்தப் பெண்ணின் முகமும் மாறி மாறி மனதில் வந்தன.

"ஒரு சில்லுக்கு எத்தினை போல்ட்?" என்றாள் அவள்.

"அந்தக் காருக்கு அஞ்சு. ஜேர்மன் கார் எல்லோ. எங்கட ஜப்பான் வாகனங்களில சில்லை மாட்டி நட்டுப் போடுறது. இதில போல்ட்டாலேயே சில்லைப் பிடிக்கிறது."

"பொலிஸ் தாம்போதியில பொறுக்கினது நாலு, எல்லாத்துக்கும் தலையில சிவப்புப் பெயின்ற். அஞ்சாவது எங்கை?"

"கடலுக்குள்ள கிடக்கும்."

"இறங்குதுறையில வைச்சு ஒராள் அஞ்சையும் இளக்கிவிட்டிருந்தால், அஞ்சும் கிட்டக்கிட்டத்தான் விழும். நாலும் இருபது மீற்றர் தூரத்துக்குள்ள கிடந்திருக்கு. அஞ்சாவது மட்டும் ஏன் கூட்டத்தை விட்டுப் போனது? ஜெயரூபனோட காலமை கதைச்சனான். வெள்ளிக்கிழமை பின்னேரம் சாட்டிக்குக் கடல் குளிக்கப் போனவையாம். திரும்பி வரேக்கை ஸ்டியறிங் கொஞ்சம் நடுங்கினதாம். றோட்டுப் பிழை எண்டு நினைச்சிட்டார்."

"எங்கட றோட்டிலை ஸ்டியறிங் நடுங்காட்டித்தான் அக்கா பயப்பிடவேணும்," என்றான் மிரோஜன். பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சாட்டிக்குத் திரும்பும் வழியில் ஓட்டோவை விட்டுவிட்டு நடந்தார்கள். ஆளுக்கொரு பக்கம், தலையைக் குனிந்துகொண்டு. வெயில் முதுகைச் சுட்டது. போத்தல் மூடிகள், அறுந்த செருப்பு, ஒரு சைக்கிள் செயின் எல்லாம் கிடைத்தன. போல்ட் கிடைக்கவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு றோட்டோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அந்தோனியம்மா எழுந்து இடுப்பில் கையை வைத்தார்.

"என்ன பிள்ளையள், மோதிரம் துலைச்சிட்டியளோ?"

"இல்லை அம்மா, ஒரு போல்ட். தலை சிவப்பு," என்றாள் பிரியவதனி.

"அதுக்கு இவ்வளவு பாடே? இந்தா கிடக்கு."

கருவாட்டின் மேல் காகம் கொத்தாமல் விரித்திருந்த வலையின் நான்கு மூலையிலும் பாரம் வைத்திருந்தார். மூன்று மூலையில் கல். நாலாவது மூலையில், வெயிலில் பளபளத்துக்கொண்டு, பெருவிரல் நீளத்தில் ஒரு போல்ட்.

"எங்கட வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற் மாதிரிக் கிடந்தது. ஆற்றையோ வள்ளத்துச் சாமான் எண்டு எடுத்து வைச்சனான்."

"எப்ப அம்மா எடுத்தனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை பொழுதுபடேக்கை. அண்டைக்குத்தான் இந்தச் சூடை மீனை உப்பிலயிருந்து எடுத்துப் பரவினனான். வலைக்கு ஒரு மூலையில பாரம் காணேல்லை. றோட்டில இது கிடந்தது. சனிக்கிழமை எடுத்திருந்தால் அதுக்குள்ள காகம் பாதியைத் திண்டிருக்கும்."

மிரோஜனுக்கு மூச்சு வந்தது. லியோன் இறங்குதுறையில் நின்றது சனிக்கிழமை. போல்ட் விழுந்தது வெள்ளிக்கிழமை. காகத்துக்குப் பயந்த ஒரு கிழவி பொலிசின் கணக்கைக் கலைத்துவிட்டார்!

"அக்கா, அத்தான் தப்பிட்டார்!"

பிரியவதனி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் கழுத்தில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு மிரோஜனைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு நொடி கூடுதலாக நின்றது போல அவனுக்குத் தோன்றியது.

"இண்டைக்கு நாலு மணிக்கு முன்னம் காரைப் பாக்கவேணும். வாரும்," என்றாள். அந்தோனியம்மாவின் வலைக்கு ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஏறினாள்.

பொலிஸ் நிலையத்தின் பின்பக்கம், வேப்பமரத்துக்குக் கீழே, நீல நிற இரண்டு இருக்கைக் கார் மூன்று சில்லில் நின்றது. நாலாவது மூலைக்குச் சீமெந்துக் கல்லை முண்டு கொடுத்திருந்தார்கள். கடலிலிருந்து எடுத்த சில்லு பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் நின்றார். நெற்றியில் கட்டோடு ஜெயரூபன் நின்றார். பிரியவதனி கேட்டதால் லியோனையும் கூட்டிக்கொண்டு வந்து வாங்கில் இருத்தியிருந்தார்கள். மிரோஜன் பார்சலை நீட்டினான். லியோன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

ஒரு இரவு முழுக்கக் கம்பிக்குள் இருந்தவர், அடைக்கக் காரணமானவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

பிரியவதனி வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"சரி, சனிக்கிழமை இல்லை. ஆனால் ரெண்டு கிழமைக்கு முன்னம் இந்தச் சில்லுகளைக் கழட்டிப் பூட்டினது இவர்தானே? அப்பவே இளக்கமா விட்டிருக்கலாமே."

"அப்ப மதிலே இல்லை சேர். கோபமும் இல்லை. கார் கொழும்பில பழசா வாங்கினது. கடல் காத்துக்குப் போல்ட்டெல்லாம் துருப் பிடிச்சுப் போச்சு, வடிவாக்கித் தாங்கோ எண்டு ஜெயரூபன் அண்ணைதான் குடுத்தவர். லியோன் எப்பிடிச் செய்திருக்கிறார் எண்டு பாருங்கோ."

நிற்கிற சில்லுகளில் ஒன்றிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி நீட்டினாள்.

"கம்பித் தூரிகையால துருவை உரஞ்சியிருக்கிறார். தலைக்கு மட்டும் பெயின்ற். சில்லில முட்டுற இடத்தில ஒரு பொட்டும் படேல்லை. அந்த இடத்தில பெயின்ற் பட்டால் நாளடைவில நசிஞ்சு இளகும். அது தெரிஞ்ச மனுசன். இப்பிடிக் கவனமா வேலை செய்யிறவர் இளக்கமா விடுவாரே?"

"அப்ப ஏன் கழண்டது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை, அந்தோனியம்மாவின்ர வலையைப் பாக்கும் மட்டும்." அவள் பொலிசிடமிருந்த நாலு போல்ட்டையும் கருவாட்டுக்காரி தந்த ஐந்தாவதையும் காரின் மூடியில் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் நிற்கிற சில்லிலிருந்து கழற்றியதை வைத்தாள். "கழண்ட அஞ்சிலும் பெயின்ற்றுக்குக் கீழ ஒரு துருக் குழியும் இல்லை. அஞ்சும் புதுசு. நிக்கிற பதினைஞ்சும் பழசைப் புதுப்பிச்சது. எல்லாத்துக்கும் ஒரே சிவப்பு அடிச்சதால ஆருக்கும் வித்தியாசம் தெரியேல்லை."

ஐந்து புதிது.

மிரோஜன் புதுப் போல்ட்டுகளை உற்றுப் பார்த்தான். யாழ்ப்பாணத்துக்குப் போகிற நாளெல்லாம் ஊரில் பத்துப் பேர் பத்துச் சாமான் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு மருந்து, ஒருவருக்குத் தூண்டில், ஒருத்திக்கு மாச்சிங் பிளவுஸ் துணி. வாங்கிக் கொடுத்ததும் மறந்துவிடுவான். இரண்டு வாரத்துக்கு முன் அத்தான் துருவில் தேய்ந்துபோன ஒரு போல்ட்டைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்து, இதேபோல ஐந்து வாங்கி வா என்றது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாதிரிக்குத் தந்த அந்தப் போல்ட் ஓட்டோவிலேயே கிடந்தது. ஓட்டோ வீதியின் அடுத்த முனையில் நின்றது. வெயில். திரும்பி நடக்கப் பஞ்சி, சோம்பல். காரின் பெயரைச் சொல்லிக் கேட்டான். கடைக்காரர் என்னவோ கேட்டார். இவன் என்னவோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

"கழுத்தைப் பாருங்கோ," என்றாள் பிரியவதனி. "பழசின்ர கழுத்து கூம்பு. புதுசின்ர கழுத்து உருண்டை. ரெண்டுக்கும் ஒரே புரி, ஒரே நீளம், ஒரே ஸ்பானர்தான். கொம்பனி இந்தக் காருக்குப் போட்ட சில்லுக்கு உருண்டைதான் சரி. ஆனால் கொழும்பில முதல் வைச்சிருந்தவர் வடிவுக்காகச் சில்லை மாத்தியிருக்கிறார். மாத்தின சில்லின்ர துவாரம் கூம்பு."

கடலில் எடுத்த சில்லின் துவாரத்தில் உருண்டைப் போல்ட்டைப் போட்டு விரலால் தட்டினாள். அது ஆடியது. கூம்புப் போல்ட்டைப் போட்டாள். அசையாமல் இருந்தது.

"கச்சான் கடலை சுத்திற கடதாசிச் சுருளுக்குள்ள இன்னொரு சுருளை வைச்சால் ஒட்டிக்கொண்டு இருக்கும். முட்டையை வைச்சால் ஒரு வளையத்தில மட்டும்தான் முட்டும். எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓட இளகும். ஒருத்தரும் கழட்டேல்லை சேர். தானாக் கழண்டது."

இன்ஸ்பெக்டர் குனிந்து தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஆடியது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப கொலை முயற்சி இல்லை. கவனக்குறைவு. பிழையான போல்ட்டை வாங்கிப் போட்டது. பிணையில விடலாம். ஆர் வாங்கினது?"

"நான்தான்," என்றார் லியோன்.

சற்றும் தயங்காமல் சொன்னார். பார்சலின் முடிச்சையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மிரோஜன் பிரியவதனியைப் பார்த்தான். அவள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரணை என்று வந்துவிட்டால் ஒன்றுக்குப் பத்துக் கேள்வி கேட்கிற பொம்பிளை, லியோன் சொன்னதற்கு ஒரு மறு கேள்வியும் கேட்கவில்லை.

பேசாமல் விட்டுவிடலாம். அத்தான் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்காவும் ஒரு மாதத்தில் முகம் பார்ப்பாள். எல்லாம் சரியாகிவிடும் என்று மனம் அவசர அவசரமாகச் சொன்னது. சரியாகாது என்று அதே மனத்துக்குத் தெரியும். பிழையான போல்ட் போட்டுப் பெண்ணின் காலை முறித்தவனிடம் நாளைக்கு யார் தன் வள்ளத்தின் இயந்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? கடலுக்குள் நின்றுவிட்டால் உயிர் போகிற சாமான் அது. அத்தானுக்கு அந்தத் தொழிலை விட்டால் வேறென்ன தெரியும்?

"பொய்," என்றான் மிரோஜன். குரல் தன்னுடையது போலவே இல்லை. "அத்தான் பொய் சொல்லுறார் சேர். வாங்கினது நான். மாதிரிக்குப் போல்ட் தந்துதான் விட்டவர். நான் அதை ஓட்டோவில விட்டிட்டுப் போய், கார் பேரைச் சொல்லி வாங்கினனான்."

"உன்னை ஆரடா கேட்டது?" என்று லியோன் எழும்பினார். "நீ கொண்டு வந்ததைப் பாத்துப் போட்டிருக்க வேண்டியது நான். அதுவும் அஞ்சையும் ஒரே சில்லில போட்டது ஆர்? நீயோ?"

"ஏன் ஒரே சில்லில போட்டனீங்கள்?" என்றாள் பிரியவதனி மெதுவாக. இது மட்டும் அவளுக்கும் தெரியாத விசயம்.

லியோன் தலையைக் குனிந்தார். "வள்ளத்துப் பழக்கம். ஒரு பலகையில பழைய ஆணியையும் புது ஆணியையும் கலந்து அடிக்கமாட்டம். உப்புத்தண்ணி ஒண்டை விட்டிட்டு மற்றதைத் தின்னும். மாத்தினால் ஒரு பலகைக்கு முழுக்க மாத்துவம். அப்பிடித்தான் இதுக்கும் செய்தனான். சில்லுக்கு ஒண்டு ரெண்டாப் பிரிச்சுப் போட்டிருந்தால் மற்றது பிடிச்சிருக்கும். ராத்திரி முழுக்க இதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். அந்தப் பிள்ளையின்ர கால் என்னாலதான் போனது."

ஜெயரூபன் இரண்டடி முன்னால் வந்தார்.

"லியோன் அண்ணை என்னைத் திரும்பி வரச் சொன்னவர் சேர். நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு கொண்டு வாரும், ஒருக்கா இறுக்கிப் பாக்கவேணும் எண்டவர். வள்ளத்து எஞ்சினுக்கும் அப்பிடித்தான் செய்யிறவராம். நான் போகேல்லை." அவர் குரல் தேய்ந்தது. "அதுக்கிடையில மதில் துவங்கிட்டன். அவற்ற முகத்தில முழிக்க வெக்கமாக் கிடந்தது. நடுங்கினது தெரிஞ்சும் கோபிகாவை ஏத்திக்கொண்டு போனனான்."

வேப்பமரத்துக்குக் கீழே மூன்று ஆண்கள் ஆளுக்காள் பழியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். தன் சேவைக் காலத்தில் இப்படியொரு விசாரணையை இன்ஸ்பெக்டர் கண்டிருக்க மாட்டார். அவர் பெருமூச்சு விட்டு, உள்ளேயிருந்து ஒரு கான்ஸ்டபிளை வாக்குமூலப் புத்தகத்தோடு கூப்பிட்டார்.

மிரோஜன் பிரியவதனியின் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு முதலே தெரியும், என்னக்கா?"

"அந்தோனியம்மா போல்ட்டைத் தரேக்கையே அது புதுசெண்டு தெரிஞ்சுது. உம்மட அத்தான் வேலை நாளில தீவை விட்டுப் போறதில்லை. ஆரோ வாங்கிக் குடுத்திருக்கவேணும். பொலிஸ் ராத்திரி முழுக்கக் கேட்டும் அவர் புதுப் போல்ட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. தான் உள்ளுக்குப் போயும் லியோன் காப்பாத்திற ஆக்கள் இந்தத் தீவில எத்தினை பேர்?"

"அப்ப ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

"நான் சொன்னால் அது துப்பு. நீர் சொன்னால்தான் வாக்குமூலம்."

அவனுக்குக் கோபம் வந்தது. கூடவே, அவள் தனக்காகக் காத்திருந்தாள் என்பதும் விளங்கியது. இரண்டும் சேர்ந்து கண்ணைக் கரித்தன.

கான்ஸ்டபிள் மேசையில் இருந்து, பேனாவை உதறிக்கொண்டு, பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதினார். ஆறுதலாக, அழகான கையெழுத்தில் எழுதுகிறவர். கடையில் நடந்ததை ஒரு சொல்லும் விடாமல் சொல்லச் சொன்னார். மிரோஜன் சொன்னான். ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"அதுவும் எழுதவேணுமோ?"

"ஓம், எல்லாம் எழுதவேணும்."

மிரோஜன் சொன்னான். பேனா அதையும் எழுதியது. முடிந்ததும், சட்டப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார். இன்ஸ்பெக்டர், பிரியவதனி, லியோன், ஜெயரூபன் எல்லோரும் நின்று கேட்டார்கள்.

"'காரில் இருப்பது கொம்பனிச் சில்லா, மாற்றிய சில்லா, மாற்றியதென்றால் கூம்புக் கழுத்துப் போல்ட் வேண்டும் என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். அதற்கு நான், சில்லு சுற்றத் தொடங்கினால் எல்லாம் வட்டம்தானே அண்ணை, கையில் கிடப்பதைத் தாருங்கள் என்று பகிடியாகச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.' சரியோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயரூபன் நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். தன் பகிடியை வேறொருவர் வாயால், இழுத்து நிறுத்தி வாசிக்கக் கேட்டது மிரோஜனுக்கு இதுதான் முதல்தடவை.

"சரி," என்றான்.

கையெழுத்துப் போட்டான். பிறகு எழுந்து, யாரையும் பாராமல், ஜெயரூபனுக்கு முன்னால் போய் நின்றான்.

"அண்ணை, ஆஸ்பத்திரியில கோபிகா அக்கா எந்த வாட்டில இருக்கிறா? அவவுக்கும் இதை நானே போய்ச் சொல்லவேணும்."

ஜெயரூபன் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். பிறகு வாட்டின் இலக்கத்தைச் சொன்னார்.